நிறங்களை மட்டும் எழுது

திருச்சிராப்பள்ளி,
9-1-1975

சிரஞ்சீவி அம்புவுக்கு அண்ணா தட்சிணாமூர்த்தியின் ஆசிகள். இங்கே எனக்கு மூல உபாதையைத் தவிர வேறு குறையில்லை. உன் மன்னி சாந்தா நடமாடிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை நரசிம்மனும் நீயும் அந்தக் குளிரில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னைப் பதிப்பகம் ஒன்று கல்லூரி மாணவர்களுக்காக ஐரோப்பியக் கலையைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதித்தரும்படி என்னைக் கேட்டிருக்கிறது. பரோக், ரொகோகோ, நவசெவ்வியல் என்று மூன்று பாணிகள், சுமார் இருநூறு வருஷச் சரித்திரம். இந்த ஜில்லாவில் வேறு யாரைக் கேட்பார்கள்? எங்கள் கல்லூரியில் துறைத் தலைவரே பரோக் என்றால் ஏதோ இங்கிலீஷ் தைலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு இடைஞ்சல். எங்கள் நூலகத்தில் உள்ள புத்தகத்தில் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அதுவும் அடுப்புக்கரியைத் தேய்த்தாற்போல. டொரண்டோவில் பெரிய ஓவியக்கூடம் இருப்பதாகப் படித்தேன். நீ அங்கே சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களுக்கு முன்னால் நின்று, எந்த இடத்தில் என்ன நிறம் என்று குறித்து அனுப்பு. நிறங்களை மட்டும் எழுது. அபிப்பிராயம் வேண்டாம். பி.யூ.சி.யோடு நின்றவர்கள் அபிப்பிராயம் சொல்லுகிற விஷயம் அல்ல இது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணா,
தட்சிணாமூர்த்தி


ஸ்கார்பரோ, டொரண்டோ,
16-2-1975

அன்புள்ள அண்ணாவுக்கு, அம்புவின் நமஸ்காரம். நாங்கள் சௌக்கியம். மோர் நிறையக் குடி, உபாதை குறையும். மன்னியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவேயில்லை.

இன்று போய்வந்தோம். காரில் முக்கால் மணி. நேற்றுப் பெய்த பனி நடைபாதையில் சேறாகக் கிடந்தது. என் காலணிக்குள் புகுந்து, கட்டடத்துக்குள் போனதும் உருகிவிட்டது. ஈரக் காலோடு ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்றேன். இவர் இரண்டாவது அறையிலேயே, "இதுக்கா இவ்வளவு தூரம் ஓட்டிண்டு வந்தேன்? நம்மாத்துக் காலண்டர்ல லக்ஷ்மி இதைவிட லட்சணமா இருப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். வாரம் பூராவும் பிக்கரிங் அணுமின் நிலையத்தில் மீட்டர் முள்ளைப் பார்க்கிறவர். அசையாத எதையும் அவரால் பார்க்க முடியாது.

முதல் படம் பதினேழாம் நூற்றாண்டு, தாடிக்காரக் கிழவர் ஒருவர். பின்னணி கறுப்பு அல்ல, டிகாஷனின் அடிவண்டல் நிறம். அங்கி, காய்ந்த மிளகாய். நெற்றி, உரித்த பூண்டு. விரல் நகங்களில் அழுக்கு இருக்கிறது, அதையும் விடாமல் வரைந்திருக்கிறார்கள். இப்படிப் பதினோரு படங்களுக்குத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

நிறத்தோடு நிறுத்தச் சொன்னாய். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காவிட்டால் அடித்துவிடு. மத்தியானக் காட்சி நடக்கும்போது யாராவது தியேட்டர் கதவைத் திறந்தால் இருட்டுக்குள் ஒரு பட்டை வெளிச்சம் விழுமே? அதில் யாரோ ஒருவனின் கன்னம் மட்டும் தெரியுமே? இந்த பரோக் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன. இவர்கள் வெளிச்சத்தை வரையவில்லை. கதவைத் திறந்தது யார் என்று நம்மைத் திரும்பிப் பார்க்கவைக்கிறார்கள். நான் நிஜமாகவே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

மன்னிக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு.

அம்பு


திருச்சிராப்பள்ளி,
20-3-1975

அம்புவுக்கு ஆசிகள். வெயில் தொடங்கிவிட்டது. இருவரும் நலமே.

உன் பட்டியல் வந்தது. மிளகாய், பூண்டு, டிகாஷன் என்று எழுதியிருக்கிறாய். நான் மாணவர்களுக்குப் புத்தகம் எழுதுகிறேனா, ரசப்பொடி அரைக்கிறேனா? தியேட்டர் கதவு, கன்னம் என்றெல்லாம் பெண்கள் பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் எழுதலாம். கலை வரலாறு என்பது ஒரு சாஸ்திரம். அதற்கென்று ஒரு பாஷை இருக்கிறது. அது உனக்குக் கைவராது. அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

இருந்தாலும் கேட்கிறேன். அந்தக் கிழவரின் தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? வெளிச்சம் முகத்தில் எந்த இடத்தில் நின்றுபோகிறது? இதையெல்லாம் இன்னும் விரிவாக எழுது. அடுத்தபடியாக ரொகோகோ. பௌச்சர், வாட்டியூ முதலியோரின் படங்களை எப்படியாவது பார். இங்கே உள்ள அச்சில் ஒரு ஸ்திரீயும் ஒரு மரமும் தெரிகின்றன. எது ஸ்திரீ எது மரம் என்று மட்டும் தெரியவில்லை.

கோடை விடுமுறைக்குள் பதில் வரட்டும்.

தட்சிணாமூர்த்தி


ஸ்கார்பரோ,
11-10-1975

அன்புள்ள அண்ணாவுக்கு, அம்பு எழுதிக்கொண்டது. தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். ஜூன் மாதம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது தேவலை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பகலெல்லாம் தனியாக வீட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் இவர் என்னை ஒரு மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். நம் அதிர்ஷ்டம், அது ஐரோப்பிய ஓவிய வகுப்பு. அறையை இருட்டாக்கி, வண்ண ஸ்லைடுகளைச் சுவர் முழுக்கக் காட்டுகிறார்கள். ஆசிரியை ஒரு ஹங்கேரிக்காரி. யாராவது 'அழகாக இருக்கிறது' என்று சொன்னால் வாசல் கதவைக் காட்டுகிறாள். "அது உங்கள் சமாசாரம். சுவரில் என்ன இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்" என்கிறாள்.

நீ கோபித்துக்கொள்ளாதே, அவர் பெயர் பௌச்சர் இல்லை, பூஷே. மற்றவர் வாத்தோ.

ரொகோகோ என்ன நிறம் என்று கேட்டாய். ரோஸ் மில்க்கில் ஒரு சொட்டு நீல மசி விழுந்தால் வருமே, அது. வானம்கூடப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறது. பதினான்காம் லூயி செத்ததும் பிரபுக்கள் எல்லாம் அவன் அரண்மனையை விட்டுப் பாரிஸுக்கு ஓடிவந்து சின்னச் சின்னக் கூடங்களில் உட்கார்ந்துகொண்டார்களாம். ஊரில் எவனுக்கு ரொட்டி இருக்கிறது, எவனுக்கு இல்லை என்று ஜன்னலைத் திறந்து பார்க்காதவர்கள். பார்க்காமல் இருப்பதற்காகவே சுவரெல்லாம் கிளிஞ்சலும் கொடியும் பூவும். நேர்க்கோடு என்று ஒன்று தப்பித்தவறிக்கூட இல்லை. அரை மணி நேரத்தில் எனக்குப் பல் கூசிவிட்டது.

ஊஞ்சல் ஆடும் பெண் படம் ஒன்று. ரோஸ் பாவாடை, காற்றில் பறக்கும் செருப்பு. புதருக்குள் ஒரு வாலிபன் மல்லாந்து அவளைப் பார்க்கிறான். பின்னால் இருட்டில் ஒரு கிழவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஸ்லைடுகளை அடுக்கிவைக்கும் வேலையில் புனிதவதி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருக்கிறாள், லண்டன் வழியாக வந்தவள். அவள் என் காதருகே குனிந்து, "உந்தக் கிழவர் ஆர் அக்கா, புருசனோ?" என்றாள். தெரியாது என்றேன். "புருசனாத்தான் இருக்க வேணும். பொம்பிளை ஆடுறது தன்ர கயித்திலதான் எண்டு அவருக்கொரு நினைப்பு" என்றாள். நான் சிரித்ததற்கு ஹங்கேரிக்காரி முறைத்தாள்.

நீ கேட்ட கிழவரின் தோள், வெளிச்சம் பற்றியும் எட்டுப் பக்கம் தனியே எழுதியிருக்கிறேன்.

அம்பு


திருச்சிராப்பள்ளி,
8-11-1975

அம்புவுக்கு ஆசிகள். மழை விடாமல் பெய்கிறது. எனக்கு லேசாக ஜலதோஷம்.

உடம்பு சரியில்லை என்றால் உடனே ஒரு வரி போட்டிருக்கலாம். ஆறு மாதம் என் இரண்டாம் அத்தியாயம் அப்படியே நின்றுவிட்டது.

மாலை வகுப்பாம்! அங்கே அது ஒரு பொழுதுபோக்கு. தையல் வகுப்பு, கேக் வகுப்பு, ஓவிய வகுப்பு. ஸ்லைடு பார்க்கிறவர்கள் எல்லோரும் கலை விமர்சகர்கள் ஆகிவிட்டால் புரொஜக்டர் போடுகிறவனுக்கு டாக்டர் பட்டம் கொடுக்க வேண்டியதுதான். பூஷே என்று நீ திருத்தியது வேடிக்கை. நம் பையன்கள் எழுத்தைப் பார்த்துப் பௌச்சர் என்றுதான் படிப்பார்கள்; அவர்களுக்குப் பரீட்சை நடத்தப்போகிறவன் நான். ஸ்லைடு அடுக்குகிறவளோடு பேசிச் சிரித்த கதை எனக்கு எதற்கு?

நீ எழுதுவதை ஒரு தடவை புரட்டிவிட்டுக் குப்பையில்தான் போடுகிறேன். ஆனாலும் அனுப்பிக்கொண்டிரு, ஒரு வார்த்தை எங்காவது உதவும். கடைசியாக நவசெவ்வியல். மூன்று சகோதரர்கள் தகப்பனார் எதிரில் வாளின் மேல் சத்தியம் செய்யும் படத்தை உன் வகுப்பில் காட்டுவார்கள். அதை இஞ்ச் இஞ்சாகப் பார்த்து எழுது. பதிப்பகம் அவசரப்படுத்துகிறது.

தட்சிணாமூர்த்தி


ஸ்கார்பரோ,
28-12-1975

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். ஜலதோஷம் போயிற்றா? இங்கே தபால்காரர்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். உன் கடிதம் இந்த மாதம்தான் கைக்கு வந்தது.

அந்தப் படத்தைப் புனிதவதி எனக்காகத் தனியே போட்டுக்காட்டினாள். ஒரு மணி நேரம் பார்த்தேன்.

ரொகோகோவைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால், கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்து, சாமான்களை வெளியேற்றி, தரையைக் கழுவிவிட்ட கூடம் மாதிரி இருக்கிறது. மூன்று வளைவுகள், சாம்பல் சுவர், சதுரம் சதுரமாகக் கல் பாவிய தரை. அவ்வளவுதான். இத்தாலியில் மண்ணுக்குள் புதைந்த பழைய ஊர்களைத் தோண்டினார்களாம். அதைப் பார்த்ததும் இவர்களுக்குத் தங்கள் தாத்தாக்களின் ஜிகினா வெட்கமாகப் போய்விட்டது. பரோக், ரொகோகோ என்ற பெயர்கள்கூடப் பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்தவர்களைக் கேலி செய்து வைத்ததுதான் என்று ஆசிரியை சொன்னாள். ஒருவரை ஒருவர் இளப்பம் செய்துதான் இவர்கள் இருநூறு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

இடதுபுறம் எதிரி வீட்டாரோடு சண்டைக்குக் கிளம்பும் மூன்று சகோதரர்கள், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போலக் காலை அகட்டிக் கையை நீட்டிக்கொண்டு. நடுவில் சிவப்பு மேலாடையோடு தகப்பனார், மூன்று வாள்களையும் தூக்கிப் பிடித்திருக்கிறார். வலதுபுறத்து மூலையில் பெண்கள் துவண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓவியர் நேர்க்கோடுகளை எல்லாம் ஆண்களுக்குக் கொடுத்துவிட்டு, வளைவுகளை எல்லாம் இவர்களுக்குத் தள்ளியிருக்கிறார். எல்லோரும் வாளைப் பார்க்கிறார்கள். நான் இவர்களைத்தான் பார்த்தேன். ஒருத்தி இந்த வீட்டுப் பெண். எதிரி வீட்டுப் பையனுக்கு நிச்சயமானவள். இன்னொருத்தி எதிரி வீட்டிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். சண்டையில் யார் ஜெயித்தாலும் இவர்கள் அழ வேண்டும். அது அங்கே தெரிந்தது இவர்களுக்கு மட்டும்தான். கதைப்படி, திரும்பி வந்த அண்ணன், நிச்சயமானவனுக்காக அழுத தன் தங்கையைத் தானே குத்திக் கொன்றுவிடுகிறானாம். ஊர் அவனை மன்னித்துவிட்டதாம்.

நிறங்கள் தனித்தாளில் இருக்கின்றன. இதுவரை அனுப்பியதெல்லாம் சேர்த்து நூற்றுமுப்பது பக்கம். படித்துவிட்டுக் குப்பையில் போடு.

அம்பு


ஸ்கார்பரோ,
2-5-1976

அன்புள்ள அண்ணாவுக்கு, நீயும் மன்னியும் நலமா? நான்கு மாதமாக ஒரு வரிகூட இல்லை. நான் அனுப்பிய கட்டு வந்ததா என்றாவது எழுது. வகுப்பு முடிந்தது. ஹங்கேரிக்காரி என் கட்டுரையின் ஓரத்தில், "இவளுக்குக் கண் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாள். அவள் யாரையும் இப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

புத்தகம் என்ன ஆயிற்று?

அம்பு


திருச்சி,
30-8-1976

அன்புள்ள அம்புவுக்கு உன் மன்னி சாந்தா எழுதுவது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், ஏழெட்டு வருஷத்துக்கு அப்புறம் என் பெயரில் எழுதுகிற கடுதாசி இது. முழங்கால் வலி இருக்கிறது, கூடவே பழகிவிட்டது. அவர் சௌக்கியத்துக்குக் குறைவில்லை.

புத்தகம் ஜூலையில் வந்துவிட்டது. உன் அண்ணா உனக்கு எழுதவில்லை என்று தெரியும். காலேஜில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள், நானும் போயிருந்தேன். சென்னையிலிருந்து வந்தவர், "இருட்டுக்குள் ஒரு கதவைத் திறந்தாற்போல" என்று ஒரு பக்கத்தை அப்படியே வாசித்துக் காட்டினார். சபை கைதட்டியது. உன் அண்ணா தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் துறைத் தலைவர் பதவி அவருக்குத்தானாம்.

கையெழுத்துப் பிரதி முழுக்க நான் எழுதினது. என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று பதிப்பகத்துக்கு என்னைக்கொண்டுதான் எழுதவைத்தார். உன் கடுதாசிகளை எதிரே வைத்துக்கொண்டு, "இங்கேயிருந்து இதுவரைக்கும் எழுது, மிளகாயை எடுத்துட்டுச் செந்நிறம்னு போடு" என்பார். நான் போடுவேன். முடிந்ததும், "இதையெல்லாம் வெந்நீர் அடுப்புல போட்டுடு" என்றார். அன்றைக்கு வெந்நீர் அடுப்பில் எரிந்தது பழைய பஞ்சாங்கம். உன் கடுதாசிகள் எல்லாவற்றையும் புத்தகத்தோடு சேர்த்துத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம்.

இன்னொன்று. போன வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அவர் அதைப் படித்தாரோ இல்லையோ, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். எத்தனையாவது மாசம் அம்பு? உனக்கு யார் பத்தியம் வைத்துப் போட்டார்கள்? நானும் இரண்டு தடவை அதைப் பார்த்தவள். எழுத ஒன்றுமில்லை என்று நீ எழுதினால் எனக்குப் புரியாதா?

உன் மன்னி,
சாந்தா


ஸ்கார்பரோ,
10-10-1976

அண்ணாவுக்கு, நான் சௌக்கியம். நீயும் சௌக்கியமாகவே இருப்பாய்.

திருச்சியிலிருந்து புதிதாக இங்கே வந்த ஒரு குடும்பம் உன் புத்தகத்தைக் கொண்டுவந்தது. இரண்டு தடவை படித்தேன். முன்னுரையில், "டொரண்டோ ஓவியக்கூடத்தில், பனி உருகிய ஈரக் காலணியோடு நான் நின்றபோது" என்று எழுதியிருக்கிறாய். இதை இவரிடம் வாசித்துக் காட்டினேன். "உங்கண்ணா எப்போ வந்தார்? நான் ஏர்போர்ட்டுக்குப் போகவேயில்லையே!" என்றார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் இது ஒன்று.

என் ஈரக் காலைக்கூட விட்டுவைக்கவில்லை நீ. திருடுகிறவன் நகையை எடுப்பான், பாத்திரத்தை எடுப்பான். வாசலில் கிடக்கும் நனைந்த செருப்பையுமா மாட்டிக்கொண்டு போவான்?

அதைக்கூட விட்டுவிடலாம். சத்தியம் செய்யும் படத்தைப் பற்றி நான் எழுதியதில் கூடம், தரை, நேர்க்கோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாய். பெண்களிடம் வந்ததும், "வலப்புறத்து மகளிர் வெறும் இடநிரப்பிகளே, அவர்தம் பலவீனம் ஆடவரின் வீரத்தை எடுத்துக்காட்டவே பயன்படுகிறது" என்று உன் சொந்தச் சரக்கைப் போட்டாய். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் நீயாக யோசித்த வாக்கியம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. அதைப் படித்த பிறகு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ இவ்வளவு சின்னவனா என்று இருக்கிறது.

நான் எழுதும் கடிதங்களுக்குக் கார்பன் வைத்து நகல் எடுத்துவைப்பது வழக்கம். எல்லாம் தேதிவாரியாக என்னிடம் இருக்கின்றன. என்ன செய்யலாம் என்று நீயே சொல்.

அம்புஜம்


திருச்சிராப்பள்ளி,
6-11-1976

சௌபாக்கியவதி அம்புவுக்கு அண்ணாவின் பரிபூரண ஆசீர்வாதம். உன் உடல்நலம் பற்றியே எனக்குக் கவலை. வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்கு மனம் சிறிது கோணிப்போவது இயல்பு.

செங்கல் சூளைக்காரன் கோயிலைத் தான் கட்டியதாகச் சொல்லிக்கொள்வானா? செங்கல் உன்னது. கட்டினவன் நான். கதவு, கூடம், பந்தல் இவையெல்லாம் எல்லோரும் பேசுகிற தமிழ்தானே? ஒருத்தருக்குப் பட்டா எழுதிக்கொடுத்த சொற்களா? அண்ணன் தங்கைக்குள் என்னுடையது உன்னுடையது என்று பேசுவது நம் குடும்பத்தில் கிடையாது. நம் அப்பா இருந்திருந்தால் உன் கடிதத்தைப் படித்துத் துடித்திருப்பார். நகல், தேதி என்று நீ எழுதியிருப்பது கோர்ட்டுக் குமாஸ்தா பேச்சு. பதவி விஷயம் முடிவாகும் சமயம் இது. ஊரில் நாலு பேர் வாயில் விழ நான் தயாராக இல்லை.

ஆகவே ஒரு நல்ல யோசனை சொல்கிறேன். வருகிற வருஷம் இரண்டாம் பதிப்பு. அட்டையில் என் பெயருக்குக் கீழேயே உன் பெயரையும் போடச் சொல்கிறேன். பி.யூ.சி. படித்த ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய கௌரவம் எந்த அண்ணன் செய்வான்? கூடவே இன்னொன்று. பதிப்பகம் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் பற்றி இரண்டாம் பாகம் கேட்கிறது. அந்தப் படங்களின் நிறங்களையும் இப்போதிருந்தே எழுத ஆரம்பித்துவிடு. இந்தத் தடவை அபிப்பிராயமும் எழுதலாம்.

உன் அண்ணா,
தட்சிணாமூர்த்தி


ஸ்கார்பரோ,
5-12-1976

அண்ணாவுக்கு, நலம். என் மனமும் கோணலில்லாமல்தான் இருக்கிறது.

உன் பெயருக்குக் கீழே என் பெயர் வேண்டாம். மேலேயும் வேண்டாம். அந்தப் புத்தகத்திலேயே வேண்டாம். அந்தப் பெண்களை இடநிரப்பிகள் என்று சொல்லும் புத்தகத்தின் அட்டையில் என் பெயரைப் பார்த்தால் நான்தான் அதைச் சொன்னேன் என்று நினைப்பார்கள்.

எனக்கு வேண்டியது இதுதான். இரண்டாம் பதிப்பில் என் வரிகள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சிவப்பு மையில் கோடு போட்ட ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கோடு போட்டதையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தை உன் பெயரிலேயே போட்டுக்கொள். மிச்சம் என்று பார்த்தால் பெரும்பாலும் ராஜாக்கள் பிறந்த தேதி, செத்த தேதி. அவை முழுக்க முழுக்க உன்னுடையவை. யாரும் உரிமை கொண்டாட மாட்டார்கள். பதினான்காம் லூயி 1751-ல் செத்ததாகப் போட்டிருக்கிறாய். அவன் போனது 1715. அதை மட்டும் ஓசியில் திருத்திக் கொடுக்கிறேன்.

எடுக்காவிட்டால் நகல்கள் பதிப்பகத்துக்கும் உன் கல்லூரிக்கும் போகும். பி.யூ.சி.யில் முதல் வகுப்பு வாங்கினவளை அதோடு நிறுத்தியது யார் என்று உனக்கே தெரியும். அப்போது நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டாம் பாகத்துக்கு நிறங்களை நீயே வந்து பார்த்துக்கொள். இவர் ஏர்போர்ட்டுக்கு வருவார்.

அம்புஜம்

பின்குறிப்பு: புனிதவதி சனிக்கிழமைகளில் தனக்குத் தெரிந்த நான்கைந்து பேரை ஓவியக்கூடத்துக்குக் கூட்டிவருகிறாள். நான் படங்களைத் தமிழில் சொல்கிறேன். "உதுகளை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோவன் அக்கா" என்கிறாள். முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன்.


திருச்சி,
17-7-1977

அன்புள்ள அம்புவுக்கு மன்னி சாந்தாவின் ஆசீர்வாதம். நீ எழுதின மூன்று கடுதாசியும் வந்தன. பக்கத்து வீட்டு விலாசத்துக்கு எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று. நாலாம் மாசம் முடிகிறது என்று படித்ததும் அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். மாடிப்படி ஏறாதே. பனங்கற்கண்டும் குங்குமப்பூவும் பார்சலில் வருகின்றன. இந்தத் தடவை தங்கும், எனக்குத் தோன்றுகிறது. மாப்பிள்ளை தானே ரசம் வைக்கிறார் என்று எழுதியிருந்தாய். எப்படி இருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு.

இரண்டாம் பதிப்பு போன மாசம் வந்தது. உன் சிவப்புக் கோடுகளை வைத்துக்கொண்டு இவர் ஜனவரி பூராவும் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு பக்கமாக அடிப்பார். அடித்ததை உரக்க ஒரு தடவை வாசிப்பார். அப்புறம் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். தன் வார்த்தைகளில் எழுதலாம் என்று இரண்டு மூன்று தடவை ஆரம்பித்தார், நான்கு வரிக்கு மேல் போகவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எண்பத்தெட்டு ஆகிவிட்டது. லூயி செத்த வருஷத்தைத் திருத்திவிட்டார்.

நீ சிரிக்கப்போகிறாய். புத்தகம் மெலிந்துபோனதால் பையன்களுக்கு மனப்பாடம் பண்ணச் சுலபமாக இருக்கிறதாம். முன்னைவிட அதிகமாகப் போகிறதாம். வேறு இரண்டு காலேஜிலும் பாடமாக வைத்துவிட்டார்கள். துறைத் தலைவராகவும் ஆகிவிட்டார். மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அதைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, "முட்டாப் பசங்க. எது போனதுன்னு ஒருத்தனுக்காவது தெரிஞ்சுதா?" என்றார். எனக்குத் தெரிந்தது. மாலையை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

நேற்றுச் சாப்பிடும்போது திடீரென்று கேட்டார், "அம்பு ஏதாவது எழுதினாளா?" என்று.

"இல்லையே" என்றேன்.

"ஒரு வரிகூடவா?"

"ஒரு வரிகூட இல்லை" என்று சொல்லி மோர் ஊற்றினேன். குழந்தையைப் பற்றி நீ எழுதின கடுதாசி அப்போது என் இடுப்பில் செருகியிருந்தது.

உன் மன்னி,
சாந்தா